பிடி ஸ்ட்ரெய்ன்களை ஒப்பிடும்போது பிளாஸ்மிட்டைப் பாருங்கள்

புழுக்கொல்லியாகப் பயன்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பிடி) பாக்டீரியாவின் குர்ஸ்டாகி வகையில் எச்டி-1, எச்டி-73 என்று இரண்டு ஸ்ட்ரெய்ன்கள், அதாவது தனித்தனி வம்சங்கள், உண்டு. குரோமோசோமை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் எச்டி-73-ல் இருக்கும் படிக நச்சு மரபணு க்ரை1ஏசி ஒன்றுதான். எச்டி-1-ல் க்ரை1ஏஏ, க்ரை1ஏபி, க்ரை1ஏசி, க்ரை2ஏஏ எனப் பல. இந்த மரபணுக்கள் பெரும்பாலும், குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டில்தான் இருக்கும். கொசுப்புழுவைக் கொல்லும் இஸ்ரேலென்சிஸ் வகையின் நச்சுகளும் அப்படித்தான்: 2002-ல் வரிசை வெளியான பிபிடாக்சிஸ் என்ற ஒரே பிளாஸ்மிட்டில், சுமார் 1,28,000 கார இணைகளுக்குள் அடக்கம். அதனால் மொத்த ஒற்றுமைச் சதவீதத்தை வைத்து ஸ்ட்ரெய்னைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

வேலை கெடுவது பெரும்பாலும் வளர்ப்பிலேயே. 42 டிகிரியில் திரும்பத் திரும்ப வளர்த்தால் சில பிளாஸ்மிட்டுகள் கழன்றுவிடும். எச்டி-1-ல் க்ரை1ஏபியைச் சுமக்கும் பிளாஸ்மிட் சாதாரண வளர்ப்பிலும் நிலையற்றது. ஆகவே 30 டிகிரியில் வளர்த்து, டிஎன்ஏ எடுப்பதும் புழுச் சோதனைக்குக் கொடுப்பதும் ஒரே காலனியிலிருந்து இருக்கட்டும். ஸ்போர் (தடித்த உறையுள்ள உறங்கும் செல்) உண்டாகும் முன்பே செல்களை அறுவடை செய்யுங்கள். செல்சுவரைக் கரைக்கும் லைசோசைம் நொதிக்கு ஸ்போர் உடையாது, டிஎன்ஏ குறைவாகத்தான் கிடைக்கும்.

அடுத்த சிக்கல் அசெம்பிளி, அதாவது கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகளை (ரீடுகளை) ஒட்டி முழு வரிசையாக்குவது. க்ரை1ஏ மரபணு ஒவ்வொன்றும் சுமார் 3,500 காரங்கள் நீளம். பின்பாதி மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. பக்கத்தில் ஐஎஸ்231 போன்ற இடம்மாறும் துண்டுகள் வேறு. 150 கார நீள ரீடுகளால் இவற்றைப் பிரிக்க முடியாது. மென்பொருள் மூன்றையும் ஒன்றாக ஒட்டி, இல்லாத ஒரு கலப்பு மரபணுவைத் தந்துவிடும், அல்லது பாதியில் அறுத்துவிடும். எனவே ரீட் ஆழத்தை, அதாவது ஓர் இடத்தின் மேல் எத்தனை ரீடுகள் விழுகின்றன என்பதைப் பாருங்கள். முன்பாதிகள் தனித்தனித் துண்டாக நிற்க, பின்பாதி அவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் காட்டினால், அங்கே பல நகல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மடங்கிக் கிடக்கின்றன. 10,000 காரங்களைத் தாண்டும் நீள ரீடுகள் இதைத் தீர்க்கும். ஆனால் நீளத் துண்டுகளை மட்டும் வடித்தெடுத்தால் சிறிய பிளாஸ்மிட்டுகள் காணாமல் போகும், ஆகையால் இரண்டு வகை ரீடும் தேவை. 'மரபணு இல்லை' என்று எழுதும் முன் மூல ரீடுகளையே க்ரை வரிசைகளோடு பொருத்திப் பாருங்கள்.

மரபணு இருப்பதாலேயே நச்சு உருவாகிவிடாது. எச்டி-1-ல் உள்ள க்ரை2ஏபி, மரபணுவை இயக்கிவிடும் புரொமோட்டர் பகுதி சரியில்லாததால் ஊமையாகக் கிடக்கிறது. புரத ஜெல்லில் க்ரை1-க்கு 130, க்ரை2-க்கு 65 கிலோடால்டன் (புரத எடை அலகு) அருகே பட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புழுச் சோதனைக்குப் போக வேண்டும். பூச்சியல்லாத உயிர்களையும் பாதிக்கும் துரிஞ்சியென்சின் என்ற நச்சை உண்டாக்கும் மரபணுக்கள் உள்ளனவா என்று தேடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவை இருந்தால் அந்த ஸ்ட்ரெய்ன் வயலுக்கு ஆகாது.