பிரதி திருத்தும் மேசையிலிருந்து எக்ஸ்எம்எல்லுக்கு: ஓர் ஆய்விதழின் தயாரிப்பு முறையை மாற்றிய கதை

ஆய்விதழ்களில் பிரதி திருத்தும் வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் மொழி பிடித்துப்போய் வருபவர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். காற்புள்ளி எங்கே வர வேண்டும், மேற்கோள் பட்டியல் எந்த நடையில் இருக்க வேண்டும் என்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது. தொழில்நுட்பம் என்பது அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் சமாச்சாரம். சில ஆண்டுகள் கழித்து அந்த இதழின் தயாரிப்பு முறையையே மாற்றும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. அது எப்படி நடந்தது, எங்கே இழுத்தடித்தது என்று இங்கே எழுதிவைக்கிறேன். இதே துறையில் இருந்துகொண்டு அடுத்து எந்தப் பக்கம் நகர்வது என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் பழைய முறை. கட்டுரையாளர் வேர்ட் கோப்பு அனுப்புவார். நான் திருத்துவேன். வடிவமைப்பாளர் அதை இன்டிசைன் மென்பொருளில் பக்கமாக்குவார். மெய்ப்பு பிடிஎஃப் கட்டுரையாளருக்குப் போகும். அவர் சில திருத்தம் சொல்வார், எடிட்டர் இன்னும் நாலு சொல்வார், எல்லாம் இன்டிசைன் கோப்பில் ஏறும். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பிடிஎஃப்பை வெளியே அனுப்பி, எக்ஸ்எம்எல்லாக (கட்டுரையின் ஒவ்வொரு பகுதியும் என்னவென்று குறிச்சொற்களால் காட்டும் கோப்பு வடிவம்) மாற்றி வாங்கி, இணையத்தில் ஏற்றுவோம். அதாவது அச்சுப்பக்கம்தான் மூலம், இணையத்தில் இருப்பது அதன் நகல்.

ஒரு கட்டுரையில் இரண்டு வரிசைகளைச் சேர்த்து ஒரே கட்டமாக்கிய அட்டவணை இருந்தது. மாற்றும்போது அந்தக் கட்டம் ஒரு வரிசையாகச் சுருங்கிவிட, அதற்கு அடுத்த வரிசையின் எண்களெல்லாம் பக்கத்து நெடுவரிசைக்கு நகர்ந்துவிட்டன. பிடிஎஃப்பில் சரி, இணையப் பக்கத்தில் தப்பு. இரண்டில் எதை நம்புவது என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டார். திருத்த அறிவிப்பு போட்டோம். அறிவிப்பு போட்டுவிட்டால் அந்தக் கட்டுரை சரியாகிவிடும். அடுத்த கட்டுரைக்கு என்ன உத்தரவாதம்? மூலமும் நகலும் தனித்தனியாக இருக்கும்வரை இது திரும்பத் திரும்ப வரும். எக்ஸ்எம்எல்லை முதலில் செய்து, அதிலிருந்தே பிடிஎஃப்பையும் இணையப் பக்கத்தையும் எடுத்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "நல்ல யோசனை, நீங்களே பாருங்களேன்" என்றார்கள். இந்தத் துறையில் பலருக்குத் தலைமைப் பொறுப்பு இப்படித்தான் வருகிறது. பதவி, சம்பளம் எல்லாம் அப்புறம்.

படிக்க வேண்டியது ஜாட்ஸ். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கென்றே உள்ள எக்ஸ்எம்எல் அமைப்பு இது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 2003இல் வெளியிட்ட கட்டமைப்பிலிருந்து வளர்ந்து, 2012இல் அமெரிக்கத் தகவல் தரநிலை அமைப்பான நைசோவின் முறையான தரநிலை ஆனது. சேமிப்புக்கு, வெளியீட்டுக்கு, எழுதுவதற்கு என்று மூன்று வகை உண்டு. எங்களுக்கு வேண்டியது நடுவில் இருப்பது, துறையில் 'நீலம்' என்று சொல்வார்கள். ஜாட்ஸ்-கான் மாநாட்டின் கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மற்ற இதழ்கள் எங்கே முட்டிக்கொண்டன என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அவைதான் தெளிவாகச் சொல்லின. நிரலாளர் ஆக வேண்டியதில்லை. குறிச்சொற்களைப் படிக்கத் தெரிய வேண்டும், ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் ஒரே மாதிரியானவற்றைத் தேடும் குறியீட்டு முறை) கொஞ்சம் எழுத வர வேண்டும், பிழைச்செய்தியைப் பார்த்துப் பதறாமல் இருக்க வேண்டும். பிரதி திருத்தியவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. ஒரு சொல் சாய்வெழுத்தில் இருந்தால் அது உயிரினப் பெயரா, நூல் தலைப்பா, வெறும் அழுத்தமா என்று யோசித்தே பழகியிருப்போம். எக்ஸ்எம்எல் கேட்பதும் அதையேதான்.

எடிட்டர்களைச் சம்மதிக்க வைப்பது வேறு கதை. எக்ஸ்எம்எல் என்ற சொல்லைக் கேட்டதும் கண்கள் மங்கிவிடும். அவர்களிடம் வேலை செய்தது, கட்டுரைகளின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐகளைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அனுப்பும் மாதாந்தர அறிக்கை. எங்கள் டிஓஐகளில் எவற்றை எத்தனை முறை சொடுக்கினார்கள், எவை திறக்காமல் போயின என்று அதில் இருக்கும். அதுவரை அது யாருடைய மின்னஞ்சலுக்கோ போய்க் கேட்பாரற்றுக் கிடந்தது. திறக்காத பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். சிலவற்றில், வாக்கிய முற்றுப்புள்ளியும் டிஓஐயோடு ஒட்டிக்கொண்டு போயிருந்தது. சிலவற்றில் இணைக்குறி இருக்க வேண்டிய இடத்தில் நீளக்கோடு, அதுவும் எங்கள் நடைக் கையேட்டின்படி நாங்களே மாற்றியது. மிச்சமெல்லாம் பிடிஎஃப் வெளியே போய்ச் சில நாள் கழித்துப் பதிவான டிஓஐகள். கட்டுரை வெளியான முதல் சில நாள்களில்தான் அதிகம் பேர் சொடுக்குகிறார்கள். அப்போதுதான் எங்கள் இணைப்பு வேலை செய்யவில்லை. இதைக் காட்டியதும் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. தன் கட்டுரை திறக்கவில்லை என்றால் எந்த ஆய்வாளருக்கும் உடனே உறைக்கும்.

வடிவமைப்பாளர் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. இதழுக்கு நீண்ட காலமாக உழைத்தவர். "அப்போ பக்கம் தானாகவே வந்துடும், நான் எதுக்கு?" என்று நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதனால் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. முதல் சோதனைக் கட்டுரைகளின் பிடிஎஃப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அட்டவணையின் தலைப்பு வரிசை அடுத்த பக்கத்தில் திரும்ப வரவில்லை, கழித்தல் குறிக்குப் பதில் இணைக்குறி இருக்கிறது, படம் அதைக் குறிப்பிடும் பத்திக்கு இரண்டு பக்கம் தள்ளிப் போயிருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். சரிபார்ப்பு மென்பொருள் அந்தக் கோப்பைப் பிழையில்லை என்று சொல்லியிருந்தது. மென்பொருளுக்கு இலக்கணம் தெரியும், பக்கம் தெரியாது. அவர் சொன்னவற்றில் விதியாக எழுத முடிந்ததையெல்லாம் ஸ்கீமாட்ரான் (எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சோதிக்கும் விதிமொழி) விதிகளாக எழுதினோம். முடியாதவற்றுக்கு அவர் கண்தான். பிறகு பக்க வார்ப்புருக்களும் தரச் சோதனையும் அவர் பொறுப்பில் வந்தன. இதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை மாறியதில் அவருக்கு வருத்தம் இருந்தது, இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

சோதனையைக் குறுங்கட்டுரைகளில் தொடங்கினோம். சமன்பாடு கிடையாது, அட்டவணையும் குறைவு. அது ஓடியதும் நீண்ட கட்டுரைகள். நேரத்தைத் தின்றது எதுவென்றால் மேற்கோள் பட்டியல்தான். ஒவ்வொரு மேற்கோளிலும் பெயர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் என்று தனித்தனியாகப் பிரித்துக் குறிக்க வேண்டும். கருவிகள் பெரும்பகுதியைப் பிரித்துவிடும். மாநாட்டுக் கட்டுரை, அரசு அறிக்கை, ஆய்வேடு என்று வந்தால் தடுமாறும். அதையெல்லாம் கையால்தான் செய்தோம்.

பெயர்கள் இன்னொரு தலைவலி. எங்கள் சமர்ப்பிப்புப் படிவம் முன்பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் கட்டாயமாகக் கேட்டது. ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் ஒரு கட்டத்தில் புள்ளி வைத்தார்கள், சிலர் அதே பெயரை இரண்டு முறை அடித்தார்கள். அது அப்படியே கிராஸ்ரெஃப்புக்குப் போய், அங்கிருந்து எடுக்கும் தேடுபொறிகளிலெல்லாம் இரட்டைப் பெயராகவே பதிந்தது. இத்தனைக்கும் கிராஸ்ரெஃப்பின் அமைப்பில் குடும்பப் பெயர்க் கட்டம் மட்டும்தான் கட்டாயம். ஒற்றைப் பெயரை அதில் போட்டுவிட்டால் போதும். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண்ணிலும் இதே கூத்து. பதினாறு இடங்களில் கடைசியில் வருவது சோதனை இலக்கம், அது சிலருக்கு எக்ஸ் என்ற எழுத்தாகவும் வரும். எங்கள் படிவமோ எண்களை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். அந்த ஆய்வாளர்கள் சரியான எண்ணைக் கொடுத்தும் தவறு என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். இரண்டையும் சரிசெய்ய ஆன நேரம் ஒரு பிற்பகல்கூட இல்லை. புதுமை என்று சொன்னால் மேடையில் செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், படிவத்தில் ஒரு கட்டத்தை விருப்பத்துக்குரியதாக மாற்றியதைத்தான் முதலில் சொல்வேன்.

எல்லாவற்றிலும் அதிகம் சண்டை வந்தது ஒரு விதிக்காக: மெய்ப்புக்குப் பிறகு திருத்தம் எதுவானாலும் எக்ஸ்எம்எல்லில்தான் ஏறும், பிடிஎஃப்பை யாரும் தொடக் கூடாது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் கடைசி நிமிடத்தில் வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு "அந்த ஒரு வரியை மட்டும் மாத்திடுங்க" என்று சொல்லும் உரிமை எடிட்டர்களிடம் இருந்தது, அதை இந்த விதி பறித்துவிட்டது. தொழில்நுட்பம் என்ற பெயரில் நாங்கள் செய்தது அதிகாரத்தை இடம் மாற்றியதுதான். தலைமை எடிட்டர் தன் சொந்தத் தலையங்கத்துக்கும் அதே வழியில் திருத்தம் அனுப்பத் தொடங்கிய பிறகே மற்றவர்கள் பழகினார்கள். அவர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வேலைப் பெயர் வந்தது இதற்கெல்லாம் பிறகு. நேர்காணலில் ஜாட்ஸ் பற்றி ஒரே ஒரு கேள்விதான். மிச்சமெல்லாம் ஆட்களைப் பற்றி: எதிர்ப்பு வந்தபோது என்ன செய்தீர்கள், எதை விட்டுக்கொடுத்தீர்கள், எப்போது பின்வாங்கினீர்கள். இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் சான்றிதழ்ப் படிப்புக்கு ஓடுவதற்கு முன், தங்கள் இதழில் எந்த அறிக்கை யாருடைய மின்னஞ்சலில் படிக்காமல் கிடக்கிறது என்று பாருங்கள். அதை எடுத்துப் படித்து, இரண்டு பத்தியில் சுருக்கி, உரியவருக்கு அனுப்புங்கள். நான் எந்த நேர்காணலிலும் காட்டுவது அப்படி அனுப்பிய ஒரு மின்னஞ்சலைத்தான்.

இப்போது பழைய தொகுதிகளில் கை வைத்திருக்கிறோம். சமன்பாடுகளெல்லாம் படங்களாக இருக்கின்றன. திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்கு அவை வெறும் வெற்றிடம். ஒவ்வொன்றையும் மேத்எம்எல்லாக (சமன்பாடுகளுக்கான எக்ஸ்எம்எல் வடிவம்) மாற்ற வேண்டும். அதற்கான நிதி இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. அதனால் அதிகம் படிக்கப்படும் கட்டுரைகளிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.