ஸ்லைடிங் ஜன்னல் விசிலடித்தால்

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் காற்றும் புழுதியும் புகுந்தால் பலரும் முதலில் ஓடிப்போய் வாங்குவது ஒரு சிலிக்கான் டியூப். கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. காற்றில் பெரும்பங்கு நகரும் கதவைச் சுற்றித்தான் வருகிறது. அங்கே சிலிக்கான் பூசினால் காற்று நிற்கும், ஜன்னலும் திறக்காது.

எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களை மூடி, சமையலறை எக்ஸாஸ்டை ஓடவிடுங்கள். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டிவிட்டு, ஊதுபத்தியை ஓரங்களில் மெதுவாக நகர்த்துங்கள். புகை அறைக்குள் சாயும் இடத்தில் பென்சிலால் குறி வையுங்கள். கோவை, உடுமலைப் பக்கம் என்றால் ஆடிக் காற்றை வாங்கும் மேற்கு ஜன்னல்களில் ஆரம்பியுங்கள். சென்னையில் ஐப்பசி மழை அடிக்கும் கிழக்கு, வடகிழக்குப் பக்கம்.

குறி நடுவில் விழுந்தால், இரண்டு கதவும் சந்திக்கும் இன்டர்லாக்கைப் பாருங்கள். மூடும்போது இரண்டு கொக்கி விளிம்புகளும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். பெயின்ட் அடித்தவர்கள் கதவுகளைக் கழற்றித் தடம் மாற்றி மாட்டிவிட்டால் கவ்வாது. உள்கதவு வெளித்தடத்தில் இருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மாற்றி மாட்டினால் பாதிப் பிரச்சினை செலவில்லாமல் தீரும்.

பூட்டுப் பக்கம் இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் (அல்லது தலைகீழாகவும்) தெரிந்தால் கதவு சாய்ந்திருக்கிறது. கதவின் அடிப்பக்க ஓரத்தில் துளை இருந்தால் அதற்குள் ரோலர் ஸ்க்ரூ (அடிச் சக்கரத்தை ஏற்றி இறக்குவது) இருக்கும். கால் சுற்று திருப்பிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. துளை இல்லாத மலிவு ரகத்தில் ரோலரையே மாற்ற வேண்டும். இதை முடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். சாய்ந்த கதவு, அடுத்து மாட்டப்போகும் புது பைலையும் ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும்.

பைல் (வூல் பைல்) என்பது கதவுச் சட்டத்தின் பள்ளத்தில் ஓடி, காற்றைத் தடுக்கும் சாம்பல் நிற ரோம நாடா. வெயிலிலும் புழுதியிலும் ரோமம் படுத்துவிட்டால் அது வெறும் நாடா. கதவைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். மேல் தடத்தில் தடுப்பு ஸ்க்ரூ இருந்தால் எடுத்துவிட்டு, கதவை மேலே தூக்கி, அடியை அறைப்பக்கம் இழுங்கள். 2 அடிக்கு 4 அடி கதவில் 5 மி.மீ. கண்ணாடி மட்டுமே 9 கிலோவுக்கு மேல். மாடி வீட்டில் அவசரப்பட வேண்டாம்.

பள்ளத்தின் முனை நசுக்கப்பட்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நிமிர்த்தி, மூக்குக் குறடால் பழையதை உருவி, பள்ளத்தைப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். கடைக்குப் பழைய துண்டை எடுத்துப் போகலாம், ஆனால் அடிநாடாவின் அகலத்துக்கு மட்டும்தான் அது சாட்சி. படுத்த ரோமத்தை அளந்து அதே உயரம் வாங்குவதுதான் வழக்கமான தவறு. பைல் நிற்கும் பள்ளத்திலிருந்து அது உரச வேண்டிய பரப்பு வரை அளந்து, 1 மி.மீ. கூட்டி வாங்குங்கள். அதற்கும் மேல் போனால் கதவு இறுகும். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் இதழ் வைத்த ரகம் கிடைத்தால் அதுவே நல்லது. 4 அடிக்கு 4 அடி, இரண்டு கதவு ஜன்னலுக்குப் பெரும்பாலும் 10 மீட்டர் சுற்றி ஆகும். பள்ளங்களை எண்ணி அளந்துகொள்ளுங்கள். செருகும்போது இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். இழுபட்ட நாடா பிறகு சுருங்கி மூலையில் ஓட்டை விடும். இன்டர்லாக் தலையிலும் காலிலும், தடத்தின் நடுவே, விரல் நுனி அளவு சந்து இருக்கும். அங்கே ஒரு டஸ்ட் பிளக் (சந்தை அடைக்கும் சிறு அடைப்பான்) வையுங்கள். விசில் சத்தம் பல வீடுகளில் அங்கிருந்துதான்.

கீழ்த்தடத்தில் வெளிப்பக்கமாக இருக்கும் சிறு துளைகளை அடைக்காதீர்கள். அவை மழைநீர் வடிய. மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தமே தடத்தில் சுமார் 17 மி.மீ. உயரத் தண்ணீரை வடியவிடாமல் தாங்கி நிறுத்தும். துளையும் அடைபட்டால் தடத்தில் தேங்கிய நீர் உள்விளிம்பைத் தாண்டி அறைக்குள் வரும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வெளியே வடிய வேண்டும்.

இப்போது சிலிக்கான். ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே பூசிய ஒயிட் சிமென்ட் விரிசல் விடுவதற்குக் காரணம், வெயிலில் அலுமினியம் காங்கிரீட்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதுதான். உதிர்வதைச் சுரண்டி, உலரவிட்டு, நியூட்ரல் ரக வெதர் சிலிக்கான் பூசுங்கள். வினிகர் வாசம் அடிக்கும் ரகம் சிமென்டில் சரியாக ஒட்டாது. சந்து 6 மி.மீ.க்கு மேல் என்றால் முதலில் ஃபோம் கயிறு திணியுங்கள். 6 மி.மீ. அகல ஆழத்தில் ஒரு 280 மி.லி. டியூப் 7 மீட்டர் சொச்சம் வரும். மேலே பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் உள்பக்கம் மட்டும் அக்ரிலிக் சீலன்ட். சிலிக்கானில் பெயின்ட் பிடிக்காது.

கீல் போட்ட மர ஜன்னலுக்கு இத்தனை வேலை இல்லை: சட்டத்தில் கதவு வந்து அழுந்தும் இடத்தில் ஒட்டும் ரப்பர் பீடிங், அவ்வளவே. ஃபோம் டேப் சீக்கிரம் பொடிந்துவிடும். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அங்குள்ள வென்டிலேட்டரை மட்டும் எதனாலும் அடைக்காதீர்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.