மாமியாரின் தயிர்க் கிண்ணம்

1991-இல் கல்யாணமாகி தில்லிக்கு வந்ததும் எனக்கு வந்து சேர்ந்த முதல் வேலை, ஆர்.கே.புரத்தில் மதர் டெய்ரி பூத்துக்குத் தூக்கோடு போவது. காசு கொடுத்து டோக்கன் வாங்கி, இயந்திரத்துத் துளையில் போட்டுத் தூக்கைக் குழாய்க்கடியில் பிடித்தால் அளவாகப் பால் விழும். கும்பகோணத்தில் வாசலில் கறந்த பாலையே பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெரிய அதிசயம். 1974-லிருந்து தில்லி வீடுகளுக்கு அப்படிப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்கி வந்த பாலை என் மாமியார்தான் பங்கு பிரிப்பார். முதல் டிகாக்‌ஷன் காபி மாமனாருக்கு, பள்ளிக்கூடம் போகும் கொழுந்தனுக்கு ஒரு டம்ளர் நிறைய, மிச்சம் உறைக்கு. ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தயிர்ச் சட்டியில் தண்ணீர் விட்டு அலசி, உப்புப் போட்டு, அதைக் கடைசிப் பிடி சோற்றில் ஊற்றிக்கொள்வார். முப்பது வருடம் அவர் சாப்பிட்ட மோர்சாதம் அதுதான். நான் தினமும் பார்த்தேன், எனக்கும் அது தப்பாகவே படவில்லை. போகப்போக நானும் அப்படியே அலச ஆரம்பித்தேன்.

2021 குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. எழுபத்தோரு வயது. எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொன்ன டாக்டர், "ஒரு நாளைக்குப் பால், தயிர் எவ்வளவு சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். "ரெண்டு வேளை காபி குடிக்கிறேனே" என்றார் அம்மா (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்). அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இரண்டு காபிக்கும் சேர்த்து 120 மில்லி பால் இருந்தால் அதிகம். 100 மில்லி பாலில் கால்சியம் சுமார் 120 மில்லிகிராம். ஆக, பாலிலிருந்து கிடைத்தது 150-க்குள்தான். வயதுவந்தவர்களுக்குப் பொதுவாக நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. அதற்கு முந்தையதில் 600 என்றிருந்தது. அதில்கூட கால் பங்குதான் பால் வழியாக அம்மாவுக்குப் போயிருக்கிறது. வயதும் ஒரு காரணம், வெயில் படாத ஃபிளாட் வாழ்க்கையும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னார். அதனால் காலையில் மொட்டைமாடிக்கும் கூட்டிப்போகிறேன். கேழ்வரகில் கால்சியம் நிறைய உண்டு, வாரம் இரண்டு நாள் கூழ் காய்ச்சுகிறேன்.

டம்ளர் நிறையப் பால் கொடுத்தால் அவருக்கு வயிறு உப்பிவிடும். தயிர் ஒத்துக்கொண்டது. உறையும்போதே பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸில் ஒரு பகுதியை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக்கிவிடுவதால் நிறையப் பேருக்குத் தயிர் சுலபமாகச் செரிக்கிறது. தினம் 200 கிராம் என்று வைத்துக்கொண்டோம்.

ஆனால் பெரிய பாத்திரத்தில் உறைய வைத்தால் பழைய பழக்கம் விடாது, எல்லோருக்கும் போட்டுவிட்டு அடியைத்தான் எடுத்துக்கொள்வார். அதனால் அவருக்கென்று ஒரு எவர்சில்வர் கிண்ணம், எனக்கென்று ஒன்று, தனித்தனியாக உறை ஊற்றுகிறேன். தில்லி ஜனவரியில் தயிர் உறைவது பெரிய பாடு. பாலைக் கொஞ்சம் கூடுதல் சூட்டிலேயே இறக்கி, உறையையும் இரண்டு ஸ்பூனாக்கி, கிண்ணங்களை மூடி கோதுமை மாவு டின்னுக்குள் புதைத்து, மேலே பழைய ஸ்வெட்டரைச் சுற்றிவிடுவேன். காலையில் கெட்டியாக, ஏடு கட்டி நிற்கும்.

போன வாரம் பேரன் வந்திருந்தான். அம்மா தன் கிண்ணத்திலிருந்து பாதியை அவன் தட்டில் சரிக்கப் போனார். "அவனுக்கும் தனியா உறைய வெச்சிருக்கேம்மா" என்று அவன் கிண்ணத்தைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்து, அது நன்றாக உறைந்திருக்கிறதா என்று ஸ்பூனால் தொட்டுப் பார்த்த பிறகுதான் தன்னுடையதைச் சாப்பிட ஆரம்பித்தார்.