சோவுடன் எனக்கு ஒத்துப்போனதில்லை, இருந்தாலும் அஞ்சலி

துக்ளக் பத்திரிகையின் ஆசிரியர் சோ ராமசாமி 2016 டிசம்பர் 7 அதிகாலையில் போய்விட்டார். ஜெயலலிதா இறந்து இரண்டே நாளில், அதே அப்போலோ மருத்துவமனையில். இங்கே சிங்கப்பூரில் நான் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் சிலர் அதைக் கொண்டாடாத குறையாக எழுதினார்கள். நான் இரங்கல் தெரிவித்ததும், "அண்ணே, நீங்களுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். ஆமாம் தம்பி, நானும்தான்.

சோவுக்கும் எனக்கும் இருந்தது சின்ன வேறுபாடு இல்லை. 1990-ல் பிரதமர் வி.பி. சிங், மண்டல் ஆணையத்தின் பரிந்துரைப்படி மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இட ஒதுக்கீடு அறிவித்தபோது சோ அதை எதிர்த்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர் தஞ்சாவூரில் இருக்கும் என் சித்தப்பா, அதுவும் இட ஒதுக்கீட்டால்தான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு 'தகுதி, திறமை' என்ற வாதத்தை நிதானமாக வாசிப்பது சுலபமில்லை. அப்புறம் ஈழம். பிரிட்டிஷ் காலத்தில் ரயில்வே வேலைக்கும் அரசாங்க வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. 2009-ல் அப்படி ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்து முள்ளிவாய்க்கால் செய்திகளைப் பார்த்தவன் நான். புலிகள் மேல் சோ காட்டிய கடுமையில் பாதி அளவுக்காவது அந்த சனங்களின் துயரம் அவர் எழுத்தில் வந்ததாக எனக்குப் படவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அவர் இறந்ததால் ஆறிவிடவும் போவதில்லை.

ஆனாலும் சிராங்கூன் சாலைக்குப் போனால் துக்ளக் வாங்காமல் வரமாட்டேன். 1970 பொங்கலுக்குத் தொடங்கிய பத்திரிகை அது. 1975-ல் நெருக்கடி நிலை வந்து தணிக்கை கழுத்தை நெரித்தபோது, எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்ட நேரத்தில், அட்டையைக் கறுப்பாக அச்சிட்டு எதிர்ப்பைக் காட்டினார் சோ. வழக்கறிஞர், நாடகக்காரர், சினிமா நடிகர், இழப்பதற்கு நிறைய இருந்தும் அதைச் செய்தார். கருணாநிதியை அவர் விமர்சித்த அளவுக்கு விமர்சித்த பத்திரிகையாளர்கள் குறைவு, ஆனால் 1996-ல் ஜெயலலிதா ஆட்சி போகவேண்டும் என்று பட்டதும் திமுக, தமிழ் மாநில காங்கிரஸ் கூட்டணிக்காக முன்னால் நின்றதும் அவரேதான். பிறகு ஜெயலலிதாவுக்கு மறுபடி அவர் தந்த ஆதரவு எனக்கு ஏற்பில்லை, அது வேறு கதை.

ஆண்டுதோறும் பொங்கல் நேரத்தில் வாசகர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மேடையிலேயே பதில் சொல்வார். பதில் எனக்குப் பிடிக்காமல் போகும், பல நேரம் எரிச்சலே வரும். ஆனால் தன் பெயரைப் போட்டுக்கொண்டு, காரணத்தையும் சொல்லிவிட்டுப் பேசும் ஒருவரோடுதானே நாம் வாதாட முடியும்? முகத்தைக் காட்டாமல் ஃபார்வர்டு அனுப்புகிறவரிடம் என்ன பேசுவது?

இட ஒதுக்கீட்டுக்காக நான் இன்று எடுத்துவைக்கும் வாதங்களில் பாதி, அவருக்கு மனதுக்குள் பதில் சொல்லிச் சொல்லியே சேர்த்தவை. மண்டல் ஆணையம் என்ன சொன்னது என்று நான் தேடிப் படித்ததும் அவரை மறுக்கத்தான். அவர் எழுதியதை இனியும் மறுப்பேன். அவர் பிரிவுக்கு வருந்தவும் செய்கிறேன்.