கால் தடுமாறினால் கழுத்தையும் பாருங்கள்

அப்பாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் முடிந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், மதியம் வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் வீணாய்ப் போன ஐந்து மாதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முதலில் செருப்பு. பீகூ சந்தைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். "எங்கப்பா இன்னொன்னு?" என்று கேட்டால் குனிந்து காலைப் பார்க்கிறார். கழன்றதே தெரியவில்லை. பத்து வருடமாகச் சர்க்கரை இருப்பதால், உள்ளூர் சயா (இங்கே பர்மாவில் டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்) சர்க்கரை நரம்பு என்று சொல்லி விட்டமின் ஊசி போட்டார். அப்புறம் கைலி. பர்மாவில் பிறந்து வளர்ந்த ஆம்பிளைக்குத் தூக்கத்திலும் கைலி முடிச்சு வரும். அப்பா முடிச்சுப் போட்டால் நாலு எட்டு வைப்பதற்குள் அவிழ்கிறது. சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட ஆரம்பித்தார். வயசாகுது என்று நாங்களும் விட்டுவிட்டோம். காலும் கையும் ஒன்றாகக் கெடுகிறதே, இரண்டுக்கும் பொதுவான வழி எது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

மாமா மட்டும் பக்கவாதம் என்று அடித்துச் சொன்னார். மூளையின் இடப்பக்கம் வலக்கை வலக்காலை ஆட்டுவிக்கிறது, வலப்பக்கம் இடதை. அதனால் பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும். அப்பாவுக்கு இரண்டு பக்கமும் தடுமாற்றம். பேச்சு, முகம் எல்லாம் சரியாக இருந்தது. முகத்துக்குப் போகும் நரம்பு கழுத்துக்கு மேலேயே பிரிந்துவிடும் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் துப்பாகவே இருந்திருக்கும்.

பீகூவிலிருந்து யாங்கோனுக்கு 50 மைல். அங்கே பார்த்த பெரிய சயா அப்பாவை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூடச் சொல்லவில்லை. கால் பிரச்சினையா, இடுப்புக்கு எம்ஆர்ஐ என்று எழுதிவிட்டார். முதல் நாள் போனபோது கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை. மறுபடி போய் எடுத்தால், டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, பெல்ட் போடுங்கள் என்றார்கள். காசு போனது. தண்டுவடம், அதாவது மூளையிலிருந்து முதுகெலும்புக்குள்ளே இறங்கும் நரம்புக் கற்றை, இடுப்புப் பக்கத்து முதுகெலும்பின் முதல், இரண்டாவது கட்டையோடு முடிந்துவிடுகிறது, பெரியவர்களுக்கே ஏறக்குறைய 45 செ.மீ.தான். அதற்குக் கீழே வெறும் நரம்பு வேர்கள். நாங்கள் காசு கொடுத்து எடுத்த படத்தில் பாதிக்கு மேல் தண்டுவடமே இல்லாத இடம்!

உருப்படியாகப் பார்த்தது தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பிய ஒரு சயாமா (பெண் டாக்டர்). கையில் ரப்பர் சுத்தியல், அவ்வளவுதான். கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். அப்பா அப்படியே சாய்ந்தார். "கோயில்ல கண்ண மூடிக் கும்பிடறப்பவும் இப்படித்தான் ஆடுறாரு" என்றார் அம்மா. கால் எங்கே இருக்கிறது என்ற சேதி மேலே போய்ச் சேரவில்லையாம். கண்தான் அதுவரை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. முழங்காலில் சுத்தியல் பட்டதும் கால் துள்ளி சயாமாவின் முட்டியை உதைத்தது. நரம்பு நல்லாத்தான் இருக்கு என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் துள்ளலைத் தண்டுவடமே முடிவு செய்துவிடுகிறது, மூளையைக் கேட்பதில்லை. ஆனால் மூளை எப்போதும் மேலிருந்து கடிவாளத்தைப் பிடித்திருக்கும். வழியில் நசுங்கினால் கடிவாளம் நழுவி, கால் தாறுமாறாகத் துள்ளும், விறைக்கும். வெறும் சர்க்கரை நரம்பாக இருந்தால் துள்ளல் குறைந்திருக்க வேண்டும்.

பிறகு சாவியை எடுத்து உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேல்நோக்கிக் கீறினார். கட்டைவிரல் மெல்ல மேலே நிமிர்ந்தது. கைக்குழந்தைக்கு அப்படி நிமிரலாம், பெரியவருக்குக் கீழே மடங்க வேண்டும். 1896இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்த சோதனை. செலவு ஒரு சாவி. கடைசியாகத் தலையைக் குனியச் சொன்னார். முதுகுத்தண்டில் கரண்ட் அடிப்பதுபோல் இருக்கிறது என்றார் அப்பா. அதுவரை எங்களிடம்கூடச் சொன்னதில்லை. "கழுத்துக்கு எடுங்க."

மெஷினுக்குள் போகுமுன் அரைஞாண் கயிற்றுத் தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்று அப்பா அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார். வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கூட்டிப் போங்கள். படத்தில் கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் ஆலையில் மாட்டின கரும்பு மாதிரி நசுங்கியிருந்தது.

சரி, ஆபரேஷனுக்குச் சேர்க்கப் போனால் கவுண்ட்டரில் இருந்தவர் அட்டையையும் ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். என்ஆர்சி என்கிற அடையாள அட்டையில் பர்மாப் பெயர், படத்திலும் ரத்த ரிப்போர்ட்டிலும் தமிழ்ப் பெயர். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று வார்டு ஆபீஸ் கடிதம் வேண்டுமாம். ஆளே எதிரில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! திரும்பவும் 50 மைல். நம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முதல் சீட்டிலிருந்தே அட்டையில் உள்ள பெயரைச் சொல்லுங்கள். பழைய படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

இனிமேல் மோசமாகாமல் தடுக்கத்தான் ஆபரேஷன், போனது முழுக்கத் திரும்பும் என்று எண்ணாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். கட்டைவிரல் இன்னமும் மேலேதான் நிமிர்கிறது. ஆனால் முந்தாநாள் அப்பாவே கைலி கட்டினார். வாசல்வரை தாங்கியது.

டிஸ்சார்ஜ் சீட்டை நேற்றுத்தான் ஒழுங்காகப் படித்தேன். எழுத்துப் பிழையோடு மூன்றாவதாக ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும்.