ஈஞ்சம்பாக்கத்தில் என் முதல் தனிக்காட்சி

கும்பகோணத்தில் ஓவியப் படிப்பை முடித்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பிறகே தனிக்காட்சி வைக்கும் துணிவு எனக்கு வந்தது. முதலில் சென்னையில் ஒரு தனியார் காட்சிக்கூடத்தை அணுகினேன். படங்களைப் பார்க்கும் முன்பே, விற்பனையில் பாதி தங்களுக்கு என்றும், எதுவும் விற்காவிட்டாலும் வாடகை உண்டு என்றும் சொன்னார்கள். நான் மறுபேச்சின்றித் திரும்பிவிட்டேன்.

சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் வாடகைக் கூடங்களில் ஒன்றைக் கேட்டுப் பார்க்கச் சொன்னவர் எனக்கு மூத்த ஓவிய நண்பர். விண்ணப்பத்துடன் வைப்பதற்காக நான் எழுதியிருந்த தன்விவரக் குறிப்பைப் படித்துவிட்டு, "சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று இதில் இல்லையே?" என்றார். திருமண மேடைகளுக்குப் பின்னணித் திரை எழுதிப் பிழைப்பதை நான் வேண்டுமென்றே மறைத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டு, நான் போகப்போகும் இடம் எப்படி உருவானது என்பதைச் சொன்னார். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், ஓவியத்தை மட்டும் நம்பி வாழ முடியாத காலத்தில், மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்த வருவாயைக் கொண்டே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966இல் அங்கே குடியேறினார்கள். பகலில் துணிக்குச் சாயம் ஏற்றியவர்கள்தான் மற்ற நேரத்தில் தமக்கான ஓவியத்தை வரைந்தார்கள். நான் குறிப்பைத் திருத்தி எழுதினேன்.

எல்லாவற்றையும்விடப் படங்களைப் புகைப்படம் எடுப்பதுதான் அதிக நாட்களைத் தின்றது. பிளாஷ் போட்டால் அக்ரிலிக் வண்ணம் பளபளத்து நிறம் பொய்யாகிவிடும் என்பதால், காலை வெயில் நேராக விழாத திண்ணையில் ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி எடுத்து, அளவு, ஊடகம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து அனுப்பினேன். நாள் ஒதுக்கப்பட்டது, முன்பணம் கட்டினேன்.

இருபத்திரண்டு படங்களையும் மரச்சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி எடுத்துச் சென்றேன். உட்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெருக்குண்டு மடிப்பு விழும். சென்னையில் சட்டம் அடித்துக் கொடுத்த கடைக்காரர் நான்கு சட்டங்களை அரை அங்குலம் குறைத்துவிட்டதால் ஓர் இரவு முழுவதும் வீணானது.

படங்களை மாட்டுவதற்கு முன், வளாகத்தில் உள்ள, பணிக்கர் காலத்துச் சென்னை ஓவியர்களின் படைப்புகள் இருக்கும் மெட்ராஸ் கலை இயக்க அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். போயிருக்கக் கூடாது என்று அன்று மாலை தோன்றியது. எழுத்தும் எண்ணும் குறியுமாகப் பணிக்கர் நிரப்பிய பரப்பின் முன் வெகுநேரம் நின்றேன். படிக்க முடியாத அந்த எழுத்துகள் ஜாதகக் கட்டத்தைப் போல ஏதோ நமக்குத் தெரிந்த ஒன்றாகவே தோன்றின. அவற்றைப் பார்த்த கண்ணோடு கூடத்துக்குத் திரும்பியபோது என்னுடைய ஐந்து படங்கள் வெறும் திறமைக் காட்டலாகத் தெரிந்தன. அவற்றைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டுப் பதினேழை மட்டும் மாட்டினேன். ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியும் ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் அமையுமாறு நூல் பிடித்து, கொத்தனாரிடம் கடன் வாங்கிய ரசமட்டத்தால் சரிபார்த்தேன். மேடைத் திரை கட்டிய பழக்கம் இதில் நன்றாகவே உதவியது.

திறப்பு நாளில் வந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள். கூட்டம் வந்தது சனி, ஞாயிறுகளில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உலாப் போகும் குடும்பங்கள் வெளியே உள்ள சிற்பங்களைப் பார்க்க நுழைந்து, அப்படியே என் கூடத்துக்குள்ளும் வந்தன. விலைப்பட்டியலை மட்டும் படித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஒரே படத்தின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த பள்ளிச் சிறுமியும் உண்டு.

மூன்று படங்கள் விற்றன. கூடத்தின் வாடகையும் படச் சட்டங்களின் செலவும் அதில் கழிந்தன. கடைசி நாளன்று, அருகில் உள்ள குப்பத்திலிருந்து வந்த ஒருவர் சுவரில் ஒட்டியிருந்த என் குறிப்பை நிதானமாகப் படித்து முடித்து, தம் மகளின் காதணி விழாவுக்கு ஒரு திரை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அவர் கொடுத்த முன்பணத்தில்தான் மீதிப் படங்களைக் கும்பகோணத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் வண்டிக்கு வாடகை கொடுத்தேன்.