துட்டி கேட்கப்படாத சாவுகள்

2021ஆம் ஆண்டு மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா தொற்று உறுதியான வாரத்தில், என் அப்பா காலமானார். அந்த மாதம் முடிவதற்குள் சித்தப்பாவும் அவர் பின்னாலேயே போய்விட்டார். அவர்கள் போனதை ஏதோ ஒரு விதத்தில் மனம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர்களை அனுப்பிவைத்த விதத்தைத்தான் இன்னும் ஏற்க முடியவில்லை.

எங்கள் நெல்லைப் பக்கத்தில் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம்; அங்கே போய்த் துக்கம் விசாரிப்பதைத் துட்டி கேட்பது என்போம். அந்த வீடுகளில் துக்கப்படுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளைகள் சங்கும் சேகண்டியும் முன்னே ஒலிக்க, வேட்டியை விரித்துப் பிடித்த நிழலில் நடந்துபோய், இறந்தவரைக் குளிப்பாட்டும் நீரை, நீர்மாலையை, எடுத்து வருவார்கள். சம்பந்தி வீட்டார் கோடித் துணி கொண்டுவருவார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். பெண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போடுவார்கள். உடன்பிறந்தவள் தலைமாட்டில் அமர்ந்து ஒப்பாரி வைப்பாள். சிறுவனாக இருந்தபோது இவையெல்லாம் இறந்தவருக்காகச் செய்யப்படுகின்றன என்றே நினைத்திருந்தேன். அப்பாவின் முகத்தை உறைக்குள் சில நொடிகள் மட்டும் பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மின்மயானத்தின் வாசலில் நின்ற அன்றுதான், இருப்பவர்களுக்கு இவை எவ்வளவு தேவை என்பது எனக்குப் புரிந்தது.

நோய் பரவும் என்ற அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பின்னாளில் படித்தபோது மனம் ஆறவில்லை. உடலைக் குளிப்பாட்டுவதையும், முத்தமிடுவதையும், கட்டியணைப்பதையும்தான் அது தடுத்திருந்தது. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கலாம், உடலைத் தொடாமல் மந்திரமோ மறைநூலோ ஓதலாம், புனித நீர் தெளிக்கலாம், சாம்பலால் ஆபத்து இல்லையென்பதால் அஸ்தியைச் சேகரிக்கலாம் என்றெல்லாம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எங்களிடம் அதை எடுத்துச் சொல்ல அன்று யாருமில்லை. கேட்கிற நிலையில் நாங்களும் இல்லை. ஒரு பிடி அரிசியைத் தள்ளி நின்றாவது போட்டிருக்கலாமே என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

பதினாறாம் நாள் விசேஷத்தை வீட்டில் இருந்தவர்கள் மட்டும் செய்து முடித்தோம். வந்து துட்டி கேட்க வேண்டிய உறவுகள் ஊரடங்கால் அவரவர் ஊரில் அடைபட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தொலைபேசியில் அழுதார்கள். அழைப்பு துண்டிக்கப்பட்டதும் வீடு மறுபடி பழைய மௌனத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு வந்தவையெல்லாம் தாள்கள். கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஜூன் 30 அன்று உத்தரவிட்டதையடுத்து 50,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதைப் பெறுவதற்கு, அப்பா எதனால் இறந்தார் என்பதை அலுவலகத்தில் ஆவணங்களோடு நிறுவ வேண்டியிருந்தது.

ஊரடங்கெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து வந்த ஒரு திதியின்போதுதான், எல்லோரையும் ஊருக்கு அழைத்தால் என்ன என்று தோன்றியது. காலங்கடந்து இது எதற்கு என்று சிலர் தயங்கினார்கள். அத்தை மட்டும் தயங்கவே இல்லை. உடன்பிறந்த இரண்டு அண்ணன்மாரையும் ஒரே மாதத்தில் இழந்து, ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காதவர் அவர். பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தோம். வீட்டில் அப்பாவுக்குப் பிடித்த புளிக்கறியும் சித்தப்பாவுக்குப் பிடித்த உளுந்தஞ்சோறும் இலையில் படைக்கப்பட்டன. தீபாராதனை முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், படங்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்த அத்தை ஒப்பாரி சொல்லத் தொடங்கினார்.

பிறந்த வீட்டிலிருந்து வந்த தலைப்பொங்கல் படி, பிரசவத்துக்கு அழைக்க அப்பா மாட்டு வண்டியில் வந்தது, மாமா இறந்தபோது சித்தப்பா கூடவே இருந்து பிள்ளைகளின் படிப்புக்குப் பொறுப்பேற்றது என ஒவ்வொன்றையும் அவர் வரிசையாகச் சொல்லிச் சொல்லி அழுதபோது, அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாத பாதி வாழ்க்கையை நான் அன்று கேட்டேன். அத்தையின் தோளைக் கட்டிக்கொண்டு அம்மாவும் சித்தியும் அழுதார்கள். மயான வாசலில் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வராமல் நின்ற என் தம்பியும் அன்று அழுதான். அழுது ஓய்ந்த பிறகு, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம்.

எங்கள் தெருவிலேயே அந்த ஆண்டில் இப்படி அனுப்பப்பட்டவர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்கள் வீடுகளுக்கு நாங்களும் போகவில்லை. ஊரடங்கு முடிந்த பிறகு போயிருக்க வேண்டும். வருகிற ஆடி அமாவாசைக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் துட்டி கேட்டுவிட்டு வரலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அத்தையும் உடன் வருவதாகச் சொன்னார்.